உண்ணியும் ஊரும்

நுழையும்முன்

மனிதன் நிலைத்த குடியிருப்பை அமைத்துக்கொண்டபோது ஆவும் நாயும் கோழியும் அவனோடு குடியேறின. அவற்றின் உடலில் ஒட்டிக்கொண்டு, அழையா விருந்தினராகச் சில சிற்றுயிர்களும் வந்துசேர்ந்தன. குருதியை உணவாகக் கொள்ளும் அச்சிற்றுயிர்களின் வாழ்க்கையை அறிந்தவர்க்கே, அவற்றிடமிருந்து வீட்டையும் வளர்ப்பு விலங்குகளையும் முற்றத்தையும் காக்கும் வழி புலப்படும். உத்திரமேரூர்ப் பகுதியின் ஊர்ப்புற வாழ்வைக் களமாகக் கொண்டு அவ்வழியை விளக்குகிறது இவ்வுரைநடை.

சொல்லில் உறையும் அறிவு

‘உண்’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தது ‘உண்ணி’ என்னும் சொல். ஊனை உண்பது ஊனுண்ணி. பிறிதோர் உயிரை ஒட்டி வாழ்ந்து உண்பது ஒட்டுண்ணி. மாட்டின் மடியிலும் நாயின் செவியிலும் பற்றிக்கொண்டு குருதி குடிக்கும் சிற்றுயிரை மட்டும் அடைமொழி எதுவுமின்றி ‘உண்ணி’ என்றே தமிழர் வழங்கினர். உண்பதே அதன் வாழ்வு என்பதை அப்பெயர் சுருங்கச் சொல்லிவிடுகிறது.

மேயும் மாடுகளின் காலடியிலேயே நடந்து, அவை கிளப்பிவிடும் பூச்சிகளையும் அவற்றின் உடலிலுள்ள உண்ணிகளையும் கொத்தித் தின்னும் வெண்ணிறப் பறவைக்கு ‘உண்ணிக்கொக்கு’ என்று பெயர். உழவர் கண்டறிந்த உயிர்த்தொடர்பு ஒன்று இப்பெயரில் பதிவாகியிருக்கிறது. உத்திரமேரூர்ப் பகுதியின் வயல்களிலும் ஏரிக்கரைகளிலும், அண்மையிலுள்ள வேடந்தாங்கல் பறவைகள் புகலிடத்திலும் இப்பறவையை இன்றும் காணலாம்.

உண்ணியைப் பூச்சி என்று கூறுவது உலக வழக்கு. அறிவியல் அதனைச் சிலந்தி, தேள் ஆகியவற்றின் இனத்தோடு சேர்க்கிறது. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள் உண்டு. தெள்ளுப்பூச்சியோ ஆறு கால்களையுடைய, சிறகில்லாத உண்மையான பூச்சி. இரண்டும் குருதியையே உண்டாலும், வளரும் இடத்தாலும் பரவும் முறையாலும் வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டை அறியாமல் இரண்டிற்கும் ஒரே மருந்தை ஒரே இடத்தில் தெளிப்பதால்தான் பெரும்பாலோரின் முயற்சி வீணாகிறது.

ஏரிசூழ் ஊரும் சிற்றுயிர்ச் சூழலும்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில் அமைந்துள்ளது உத்திரமேரூர். ஏரிப் பாசனத்தை நம்பி நெல்லும் நிலக்கடலையும் கரும்பும் விளைவிக்கும் ஊர்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. உழவோடு கறவை மாடும் ஆடும் புறக்கடைக் கோழியும் பல குடும்பங்களின் வருவாய்க்குத் துணையாகின்றன. வீட்டின் பின்புறம் மாட்டுக் கொட்டகை, அதனையடுத்து வைக்கோற்போர், எருக்குழி, கொல்லையின் எல்லையில் முள்வேலி, வாயிலில் காவலுக்கு ஒரு நாட்டு நாய் என்பதே இங்குள்ள ஊர்ப்புற வீட்டின் பொதுவான தோற்றம்.

இவ்வமைப்பு மனிதனுக்கு மட்டுமன்றி ஒட்டுண்ணிகளுக்கும் ஏற்றதாக உள்ளது. கொட்டகையின் சுவர் விரிசல் உண்ணி முட்டையிடும் இடமாகிறது. நாய் படுத்துறங்கும் மணற்குழி தெள்ளுப்பூச்சியின் இளம்புழு வளரும் இடமாகிறது. வைக்கோற்போரும் விறகுக் குவியலும் எலிக்கு வளையாகின்றன. வடகிழக்குப் பருவமழைக்குப்பின் ஏரிக்கரையிலும் வரப்பிலும் புல்லும் புதரும் செழிக்கும்போது, நிலத்தின் ஈரமும் நிழலும் இச்சிற்றுயிர்கள் பெருகத் துணைபுரிகின்றன.

உண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி

முட்டை, ஆறு கால்களையுடைய இளம்பருவம், எட்டுக் கால்களையுடைய இடைப்பருவம், முதிர்பருவம் என நான்கு நிலைகளைக் கொண்டது உண்ணியின் வாழ்க்கை. முட்டையிலிருந்து வெளிவந்த பின்னர் ஒவ்வொரு நிலையிலும் அதற்குக் குருதி தேவை. வயிறு நிறைய உண்ட பெண் உண்ணி தன் எடையைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு பெருத்துவிடும். ஊரார் ஆமணக்கு விதையோடு ஒப்பிடும் சாம்பல்நிற உண்ணி இதுவே. அது விலங்கின் உடலிலிருந்து தானாகக் கழன்று விழுந்து, மறைவிடம் தேடி, ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒரே முறையில் இட்டு மடிந்துபோகும்.

மாட்டு உண்ணியும் நாய் உண்ணியும் வாழும் முறையில் ஒரு முதன்மையான வேறுபாடு உண்டு. மாடுகளைப் பெரிதும் தாக்கும் உண்ணி, இளம்பருவத்தில் புல்நுனியிலிருந்து ஒரு மாட்டின்மீது ஏறிவிட்டால், முதிர்ச்சியடையும்வரை அம்மாட்டின் உடலிலேயே தங்கிவிடும். ஏறத்தாழ மூன்று வாரங்களில் உண்டு பெருத்துக் கீழே விழுந்து மண்ணில் முட்டையிடும். எனவே, அதன் விளைநிலம் மேய்ச்சல் தரையும் கொட்டகைத் தரையுமே ஆகும்.

பழுப்பு நிற நாய் உண்ணியோ ஒவ்வொரு பருவத்திலும் குருதி உண்டபின் கீழே இறங்கிவிடும். தோலுரித்து அடுத்த பருவத்தை அடைந்ததும் மீண்டும் ஒரு நாயைத் தேடி ஏறும். இறங்கும்போது அது பெரும்பாலும் சுவரின்மீது ஏறிச்செல்லும் இயல்புடையது. சுவர் விரிசல், கதவு நிலையின் இடுக்கு, கூரையின் விளிம்பு, மரப்பெட்டியின் அடிப்பகுதி ஆகியவை அதன் மறைவிடங்கள். வீட்டுக்குள்ளேயே தன் வாழ்நாள் முழுவதையும் கழிக்கவல்ல உண்ணி இது. உணவின்றிப் பல மாதங்கள் உயிரோடு காத்திருக்கவும் அதனால் இயலும்.

உண்ணிக்குப் பறக்கவோ குதிக்கவோ தெரியாது. புல்லின் நுனியிலோ சுவரின் ஓரத்திலோ முன்னங்கால்களை நீட்டியபடி அது காத்திருக்கும். விலங்குகள் வெளிவிடும் மூச்சுக்காற்றிலுள்ள கரியமில வாயுவையும் உடல் வெப்பத்தையும் வாடையையும் உணரும் உறுப்பு அதன் முன்னங்கால்களிலேயே அமைந்துள்ளது. அருகில் வரும் உடல் உரசும் நொடியில் அது பற்றிக்கொள்ளும்.

தெள்ளுப்பூச்சி

பக்கவாட்டில் தட்டையான உடலும், பின்னோக்கிச் சாய்ந்த முட்களும் தெள்ளுப்பூச்சியின் சிறப்பு அமைப்புகள். விலங்கின் அடர்ந்த மயிர்களுக்கிடையே விரைந்து ஓடவும், சொறியும்போது கீழே விழாமல் இருக்கவும் அவை உதவுகின்றன. தன் உடல் நீளத்தைப்போல் பன்மடங்கு தொலைவு தாவவும் அதனால் முடியும்.

விலங்கின் உடலில் நாம் காணும் தெள்ளுப்பூச்சிகள் அவற்றின் மொத்தத் தொகையில் மிகச் சிறு பகுதியே. ஒரு பெண் பூச்சி நாளொன்றுக்கு 40 முதல் 50 முட்டைகள்வரை இடக்கூடும். வழவழப்பான அம்முட்டைகள் மயிரில் ஒட்டாமல், நாயோ பூனையோ படுக்குமிடமெல்லாம் உதிர்கின்றன. அவற்றிலிருந்து வெளிவரும் காலற்ற இளம்புழு வெளிச்சத்தை வெறுத்துத் தரைவெடிப்பிலும் பாயின் அடியிலும் சாக்கின் மடிப்பிலும் புகுந்துகொள்ளும். தாய்ப்பூச்சிகளின் கழிவாக உதிரும் உலர்ந்த குருதித் துகளே அதன் உணவு. பின்னர் அது மண்துகள்கள் ஒட்டிய சிறு கூட்டைப் பின்னிக்கொண்டு உள்ளே உறங்கும்.

அக்கூட்டுப்பருவமே தெள்ளுப்பூச்சியின் கோட்டை. தெளிக்கப்படும் மருந்து அதனுள் எளிதில் புகுவதில்லை. ஏற்ற சூழல் வாய்க்கும்வரை பல மாதங்கள்கூட அது காத்திருக்கும். காலடி அதிர்வு, வெப்பம், மூச்சுக்காற்று ஆகியவற்றை உணர்ந்தவுடன் கூட்டை உடைத்துக்கொண்டு வெளிவரும். நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் தெள்ளுப்பூச்சிகள் கூட்டமாகக் காலைக் கடிப்பதற்கு இதுவே காரணம்.

தெரிந்து தெளிவோம்

நாயின் உடலில் தெள்ளுப்பூச்சி உள்ளதா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. நாயை வெள்ளைத்தாளின்மீது நிறுத்தி அதன் முதுகை நுண்பற்சீப்பால் வார வேண்டும். தாளில் உதிரும் கருநிறத் துகள்களின்மேல் சில துளி நீர் விட்டால், வெறும் மண் மண்ணாகவே இருக்கும். தெள்ளுப்பூச்சியின் கழிவாயின் செம்பழுப்பு நிறம் கசியும். உலர்ந்த குருதி நீரில் கரைவதே அந்நிறத்திற்குக் காரணம்.

சிற்றுயிர் சுமக்கும் பெருநோய்

ஒட்டுண்ணியின் கடி தரும் அரிப்பைக் காட்டிலும், அது சுமந்துவரும் நோயே அஞ்சத்தக்கது. கடிக்கும் உயிர்களால் நோய் பரவும் என்னும் உண்மை தெளிவுற நிறுவப்பட்ட முதல் நிகழ்வுகளுள் ஒன்று உண்ணியைப் பற்றியதே. அமெரிக்காவில் மாடுகளைக் கொன்ற டெக்சாஸ் காய்ச்சல் உண்ணியின் வழியாகவே பரவுகிறது என்பதைத் தியோபால்டு ஸ்மித், கில்போர்ன் ஆகிய இருவரும் 1893ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் மெய்ப்பித்தனர். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்தே.

1896ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கிய கொள்ளைநோய் இந்தியாவின் பல பகுதிகளைச் சூறையாடியது. அதனைக் கட்டுப்படுத்தவே 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. நோய் எவ்வாறு பரவுகிறது என்பது அறியப்படாமையால் மக்களின் உடைமைகள் எரிக்கப்பட்டன, வீடுகள் இடிக்கப்பட்டன. 1898ஆம் ஆண்டு கராச்சியில் ஆய்வு செய்த பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர், இறந்த எலியை விட்டு நீங்கும் தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்று காட்டினார். எலி இறந்ததும் அதன் உடல் குளிர்கிறது. பசித்த தெள்ளுப்பூச்சிகள் வேறு உடலை நாடுகின்றன. இவ்வுண்மை தெரிந்தபின்னரே எலியையும் தெள்ளுப்பூச்சியையும் ஒருங்கே ஒடுக்கும் முறை உருவாயிற்று.

1957ஆம் ஆண்டு கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டக் காடுகளில் குரங்குகள் தொடர்ந்து மடிந்தன. காட்டை அடுத்து வாழ்ந்த மக்களும் கடுங்காய்ச்சலுக்கு ஆளாயினர். கியாசனூர் காட்டு நோய் எனப் பெயர்பெற்ற அந்நோயைப் பரப்புவது காட்டு உண்ணியே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

உத்திரமேரூர் போன்ற உழவூர்களில் உண்ணியின் கொடுமையை முதலில் உணர்த்துவது கறவை மாடே. உண்ணிகள் மிகுந்த மாடு குருதி இழந்து மெலியும், பால் குறையும். தைலேரியா, பேபேசியா என்னும் ஓரணு உயிரிகளையும் உண்ணிகள் மாட்டின் குருதியில் புகுத்துகின்றன. கடுங்காய்ச்சல், நிணநீர்க் கணுக்களின் வீக்கம், சிறுநீர் செந்நிறமாதல் முதலியவை அந்நோய்களின் அறிகுறிகள். நாட்டு மாடுகளைவிடக் கலப்பின மாடுகளே இந்நோய்களால் பெரிதும் பாதிக்கப்படுகின்றன. கடன் பெற்று ஒரு கலப்பினப் பசுவை வாங்கிய குடும்பத்திற்கு அதன் இழப்பு ஓராண்டு வாழ்க்கையையே நிலைகுலையச் செய்துவிடும்.

நாய்களுக்கு உண்ணியால் பரவும் எர்லிச்சியா நோய் காய்ச்சலையும் சோர்வையும் தருவதோடு, சில வேளைகளில் மூக்கிலிருந்து குருதி கசியவும் காரணமாகிறது. தெள்ளுப்பூச்சியோ ஒருவகை நாடாப்புழுவின் இளம்பருவத்தைத் தன் உடலில் சுமக்கிறது. உடலைக் கடித்துச் சொறியும் நாய் அப்பூச்சியை விழுங்கும்போது புழுவும் உட்செல்கிறது. நாயோடு விளையாடும் குழந்தையின் வாய்க்குள் தற்செயலாகத் தெள்ளுப்பூச்சி சென்றால் குழந்தைக்கும் அப்புழு தொற்றக்கூடும்.

உண்ணிக் காய்ச்சல்

ஸ்க்ரப் டைபஸ் என்னும் நோயைத் தமிழில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என வழங்குகிறோம். இதனைப் பரப்புவது மாட்டு உண்ணியோ நாய் உண்ணியோ அன்று. உண்ணியின் உறவினமான, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு நுண்சிலந்தியின் இளம்பருவமே இந்நோயைப் பரப்புகிறது. புதரும் புல்லும் மண்டிய நிலத்தில் எலி, பெருச்சாளி, மூஞ்சூறு ஆகியவற்றின் உடலில் அது ஒட்டி வாழும். அவ்வழியே செல்லும் மனிதரையும் கடிக்கும். நோய்க்கிருமி தாய்ச்சிலந்தியிலிருந்து முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கும் செல்வதால், ஒருமுறை கிருமி நிலைபெற்ற புதர்நிலம் ஆண்டுதோறும் நோயின் ஊற்றாக நீடிக்கும்.

தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதனையடுத்த பனிக்காலத்திலும் இந்நோய் மிகுகிறது. 2024ஆம் ஆண்டின் இறுதியில் தமிழ்நாடு பொதுச் சுகாதாரத்துறை இந்நோய் குறித்து எச்சரிக்கை விடுத்தபோது, பாதிப்பு மிகுந்த வட மாவட்டங்களுள் காஞ்சிபுரமும் இடம்பெற்றிருந்தது.

கடிபட்டு ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல், தலைவலி, உடல்வலி தோன்றும். கடித்த இடத்தில் வலியில்லாத, நெருப்புச் சுட்டதுபோன்ற கருநிறப் பொருக்கு உண்டாகலாம். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு போன்ற ஆடை மறைக்கும் இடங்களில் அது அமைவதால் நோயாளியே அதனை அறியாதிருப்பதுண்டு. டெங்கு என்றோ சளிக்காய்ச்சல் என்றோ கருதி நாள்களைக் கடத்தினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவை தாக்கப்பட்டு உயிருக்கே இடர் நேரலாம். ஆனால் உரிய காலத்தில் கண்டறிந்தால் டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற எளிய மருந்துகளே நோயைக் குணப்படுத்திவிடும். நோய் முற்றியவர்களுக்கு இவ்விரு மருந்துகளையும் சேர்த்து அளிப்பது கூடுதல் பயன் தருகிறது என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ஆய்வு 2023ஆம் ஆண்டு நிறுவியது. ஆகவே, காய்ச்சலோடு மருத்துவமனைக்குச் செல்வோர், தாம் அண்மையில் புல் அறுத்ததையோ புதர்நிலத்தில் நடந்ததையோ மருத்துவரிடம் மறவாமல் கூறுதல் வேண்டும். அவ்வொரு செய்தியே சரியான பரிசோதனைக்கு வழிகாட்டும்.

விலங்கைக் காத்தல்

நாள்தோறும் மாட்டையும் நாயையும் தடவிப் பார்க்கும் பழக்கமே முதற்காப்பு. செவியின் உட்புறம், கழுத்துப்பட்டையின் அடிப்பகுதி, விரலிடுக்கு, வாலின் அடி, மடி, தொடையின் உட்புறம் ஆகியவற்றில் உண்ணிகள் மிகுதியாக ஒட்டும். ஒட்டியுள்ள உண்ணியை நுண்ணிய இடுக்கியால் தோலுக்கு மிக அருகில் பற்றி, முறுக்காமல் நேராக மெல்ல இழுத்து எடுத்தல் வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் நெருப்பால் சுடுவதும் தவறான முறைகள். அவை விலங்கின் தோலைப் புண்ணாக்குவதோடு, எரிச்சலுற்ற உண்ணி தன் உமிழ்நீரைக் கடிவாயில் மேலும் செலுத்தவும் காரணமாகலாம். எடுத்த உண்ணியை விரல்களால் நசுக்காமல் சோப்புக் கரைசலிலோ சாராயக் கரைசலிலோ இட்டு அழித்துவிட்டுக் கைகளைக் கழுவ வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

புற ஒட்டுண்ணிகளுக்கென ஒரு மூலிகைக் கரைசலைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மரபுவழி மருத்துவத்திலிருந்து தொகுத்துப் பரிந்துரைக்கிறது. பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள் தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி இலை, உண்ணிச்செடி இலை ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி எடுத்து அரைத்து, ஒரு லிட்டர் நீரில் கலந்து வடிகட்ட வேண்டும். அதனை வெயில் நேரத்தில் மாட்டின் உடலிலும் கொட்டகையின் விரிசல்களிலும் தெளிக்கலாம். உண்ணி நீங்கும்வரை வாரம் ஒருமுறை தெளித்தல் நன்று. இது மேற்பூச்சு மட்டுமே. உண்ணிச்செடியின் இலையை மாடு தின்றால் கல்லீரல் நஞ்சாகும் என்பதால் அதனைத் தீவனத்தில் கலத்தல் கூடாது.

வீட்டையும் முற்றத்தையும் காத்தல்

தெள்ளுப்பூச்சியை ஒழிக்க நாயைக் குளிப்பாட்டுவது மட்டும் போதாது. அது படுக்கும் இடத்தைத் தூய்மைப்படுத்துவதும் உடன் நிகழவேண்டும். சாக்கு, பாய், பழந்துணி ஆகியவற்றை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்துக் கடும்வெயிலில் உலர்த்துதல் வேண்டும். வறண்ட வெப்பத்தில் இளம்புழு உலர்ந்து மடியும். தரையையும் இடுக்குகளையும் நாள்தோறும் பெருக்கி, சேர்ந்த குப்பையை உடனே அகற்றுதல் முட்டைகளின் தொகையைப் பெருமளவு குறைக்கும். கூட்டுப்பருவத்தில் உள்ளவை பின்னர் வெளிவரும் என்பதால், ஒருமுறை செய்து நிறுத்தாமல் சில மாதங்கள்வரை இப்பணியைத் தொடரவேண்டும்.

நாய் உண்ணிக்கும் கோழிக்கூட்டின் உண்ணிக்கும் சுவர் விரிசலே உறைவிடம். கோழியைத் தாக்கும் ஒருவகை உண்ணி பகலில் இடுக்குகளில் பதுங்கியிருந்து இரவில் மட்டும் வெளிவந்து குருதி குடிக்கும். ஆகவே, பகலில் கோழியின் உடலை ஆராய்ந்து ‘உண்ணி இல்லை’ என முடிவுசெய்தல் பிழையாகும். விரிசல்களைச் சிமெண்டாலோ களிமண்ணாலோ அடைத்து, சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது அதன் மறைவிடத்தை இல்லாமற்செய்யும்.

கொட்டகையில் சாணத்தை அன்றாடம் அள்ளி எருக்குழியில் சேர்த்தலும், தரையில் ஈரம் தேங்காமல் காத்தலும், வீட்டைச் சுற்றிய புல்லையும் புதரையும் வெட்டி வெயில் படச்செய்தலும் முற்றத்தைக் காக்கும் முறைகள். வைக்கோற்போரையும் விறகுக் குவியலையும் வீட்டுச் சுவரிலிருந்து விலக்கி அமைத்தால் எலி வீட்டை அண்டாது. புல் அறுக்கச் செல்வோர் முழுக்கை ஆடையும் காலணியும் அணிதல், புல்தரையில் வெற்றுடம்போடு படுக்காதிருத்தல், வீடு திரும்பியதும் சோப்பிட்டுக் குளித்து ஆடையைத் துவைத்தல் ஆகியவை உண்ணிக் காய்ச்சலைத் தடுக்கும் எளிய வழிகள்.

மருந்து நஞ்சாகும் இடம்

உண்ணி மிகுந்தபோது சிலர் வயலுக்கு வாங்கிய பூச்சிக்கொல்லியையே மாட்டின்மீது தெளித்துவிடுகின்றனர். மாடு அதனை நக்கும். தோலும் அதனை உறிஞ்சும். விலங்கும், தெளித்தவரும் நஞ்சேறி வீழ்வதற்கு அதுவே போதுமானது. பாலின் வழியே குழந்தையையும் அந்நஞ்சு சென்றடையும். நாய்க்கு ஏற்ற மருந்து பூனைக்கு எமனாவதும் உண்டு. நாய்களுக்குப் பயன்படும் பெர்மெத்ரின் என்னும் மருந்தைப் பூனையின் உடல் சிதைத்து வெளியேற்றவல்லதன்று. ஆதலால் அது பூனையின் உயிரைப் பறிக்கும். இவ்வகை மருந்துகள் மீன்களுக்கும் கொடிய நஞ்சு. மருந்து தெளித்த மாட்டை ஏரியில் கழுவினால் மீன்கள் மடியும்.

அளவு குறைந்தாலும் தீங்கே. குறைந்த அளவில் அடிக்கடி தெளிக்கப்படும் மருந்தில் வலுவற்ற உண்ணிகள் மடிய, தாங்கும் ஆற்றலுடையவை எஞ்சிப் பெருகும். இந்தியாவின் பல பகுதிகளில் மாட்டு உண்ணிகள் டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகளை எதிர்த்து வாழும் ஆற்றலை இவ்வாறே பெற்றுவிட்டன. எனவே, மருந்தின் வகை, அளவு, இடைவெளி, பாலைப் பயன்படுத்தாமல் விடவேண்டிய நாள்கள் ஆகியவற்றைக் கால்நடை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். 1962 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைப் பெறலாம்.

ஊர் கூடினால் உண்ணி அகலும்

ஒரு வீட்டார் மட்டும் தம் மாட்டைத் தூய்மையாக வைத்திருந்தாலும், பொது மேய்ச்சல் தரையில் பிறர் மாட்டிலிருந்து விழுந்த உண்ணி முட்டையிட்டுப் பெருகும்; சில வாரங்களில் அதே வீட்டு மாட்டின்மீது ஏறும். தெருநாய்களுக்கும் வீட்டு நாய்களுக்கும் இடையிலும் இதுவே நிகழ்கிறது. உண்ணிக்கு வேலியும் வரப்பும் தெரியா. ஆகவே, ஊரிலுள்ள மாடுகள் அனைத்திற்கும் ஒரே காலத்தில் மருத்துவம் செய்வதும், மேய்ச்சல் தரையைப் பகுதிகளாகப் பிரித்துச் சில மாதங்கள் ஒரு பகுதியை மேய்க்காமல் விட்டு அங்குள்ள இளம் உண்ணிகளைப் பட்டினியால் மடியச்செய்வதும் தனியொருவரால் இயலாத, ஊரார் கூடிச் செய்யவேண்டிய பணிகள்.

பொதுப்பணியை ஊராரே பகிர்ந்துகொள்ளும் மரபு உத்திரமேரூருக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இவ்வூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாக எடுத்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் எனப் பொதுப்பணிகளுக்குத் தனித்தனிக் குழுக்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஏரி ஒருவருடையதன்று, அதன் கரை உடைந்தால் அனைவர் வயலும் அழியும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். மேய்ச்சல் தரைக்கும் தெருவுக்கும் அவ்வுண்மை இன்றும் பொருந்தும். ஊராட்சியின் கிராம சபையில் கால்நடை மருத்துவ முகாமுக்கும் புதர் அகற்றலுக்கும் தீர்மானம் நிறைவேற்றும் உரிமை ஒவ்வொரு வாக்காளருக்கும் உண்டு.

எள்ளளவே உள்ள உயிர் ஒன்று ஒரு குடும்பத்தின் கறவையைப் பறிக்கவும், ஓர் உயிரை மருத்துவமனைக் கட்டிலில் கிடத்தவும் வல்லது. அது வாழும் இடத்தையும் வளரும் முறையையும் அறிந்து, விலங்கு, வீடு, முற்றம், ஊர் என்னும் நான்கையும் ஒருசேரப் பேணுவோர் அதன் பிடியிலிருந்து விடுபடுவர்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் உண்ணி, தெள்ளுப்பூச்சி, பேன் முதலியவற்றுக்கு வழங்கும் வட்டாரப் பெயர்களைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க.

2. மாட்டு உண்ணி, நாய் உண்ணி, தெள்ளுப்பூச்சி ஆகியவற்றின் வாழ்க்கை முறைகளை ஒப்பிட்டு அட்டவணை அமைத்து, ஒவ்வொன்றையும் எந்த இடத்தில் தடுப்பது பயன்தரும் என்பதைக் காரணத்துடன் எழுதுக.

3. உங்கள் ஊரின் மேய்ச்சல் தரையைத் தூய்மையாக்கிக் கால்நடை மருத்துவ முகாம் நடத்தக் கோரி, கிராம சபைக்கு அளிக்கத்தக்க விண்ணப்பம் ஒன்றை வரைக.